'இந்த ஜூன்ல அப்ளை பண்ணலாமா, வேண்டாமா?' - அமெரிக்க மருத்துவக் கல்லூரிக் கனவும் தம்பியின் பச்சை நோட்டும்!

சனிக்கிழமை இரவு 10 மணி. நியூ ஜெர்சியில் இருந்து சித்தியின் வாட்ஸ்அப் அழைப்பு. அங்கே அப்போது மதியம்.

"ஏட்டி, நீட்டு, கவுன்சலிங்னு என்னெல்லாமோ எழுதுதியே... இவன் கதையையும் கொஞ்சம் பாரேன். ஜூன்ல அப்ளிகேஷன் போடுலேங்கேன், வாயே தொறக்க மாட்டேங்கான்!"

'இவன்' என்றால் தம்பி. சித்தி மகன். அமெரிக்காவிலேயே பிறந்தவன். அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். பாளையங்கோட்டையில் இருக்கும் எங்கள் ஆச்சியைப் பொறுத்தவரை அவன் ஏற்கெனவே டாக்டர். 'பேரன் அமெரிக்காவுல டாக்டருக்குப் படிக்கான்' என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. உண்மையில் அவன் இன்னும் மருத்துவக் கல்லூரி வாசலையே மிதிக்கவில்லை. அதில் அவன் தப்பு எதுவும் இல்லை. அந்த ஊர் முறை அப்படி.

அடுத்த இரண்டு வாரங்களில் தம்பியும் நானும் நான்கு முறை வீடியோ காலில் உட்கார்ந்தோம். அவனுடைய மார்க், அனுபவம், ஆசை எல்லாவற்றையும் ஒரு பச்சை நோட்டில் எழுதினான். அதை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. "பேரு போடாத. ஆனா மார்க்கைப் போடுக்கா, யாருக்காவது யூஸ் ஆகும்" என்றான். அப்படியே செய்கிறேன்.

முதலில் வழியைத் தெரிந்துகொள்வோம்

நம் ஊரில் பிளஸ் டூ, நீட், 720-க்கு எத்தனை என்ற ஒரே எண். பிறகு ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ்.

அமெரிக்காவில் முதலில் நான்கு வருட இளநிலைப் பட்டம். அதன் பிறகுதான் நான்கு வருட மருத்துவப் படிப்பு. அதற்குப் பிறகு துறையைப் பொறுத்து 3 முதல் 7 வருடங்கள் வரை ரெசிடென்சி. பள்ளி முடித்த கையோடு இரண்டையும் சேர்த்துப் படிக்கும் திட்டங்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் இடங்கள் மிகக் குறைவு.

இளநிலை படிக்கும்போதே மருத்துவத்துக்குத் தயாராகும் மாணவர்களை 'ப்ரீ-மெட்' என்கிறார்கள். அது தனிப் பட்டம் அல்ல. வரலாறு படித்துக்கொண்டேகூட ப்ரீ-மெட் ஆக இருக்கலாம். உயிரியல், வேதியியல், இயற்பியல் என்று கல்லூரிகள் கேட்கும் பாடங்களை முடித்திருந்தால் போதும்.

பெரும்பாலான எம்.டி கல்லூரிகளுக்கு 'ஆம்காஸ்' என்ற ஒரே பொது விண்ணப்பம். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி இதை நடத்துகிறது. மே மாதம் படிவம் திறக்கும். மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் இருந்து சமர்ப்பிக்கலாம். வகுப்பு தொடங்குவதோ அதற்கு அடுத்த வருடம், ஏறக்குறைய ஆகஸ்ட்டில். அதாவது, இடைவெளி இல்லாமல் சேர வேண்டும் என்றால் மூன்றாம் ஆண்டு முடிந்த உடனேயே விண்ணப்பித்தாக வேண்டும்.

சித்தியின் அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

ஆண்டுக்கு ஏறக்குறைய 50,000 பேர் எம்.டி படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். இடம் கிடைப்பது சுமார் 23,000 பேருக்கு. பாதிக்கும் மேற்பட்டோர் வெறும் கையோடு திரும்புகிறார்கள். அவர்களில் பலர் நன்றாகப் படிப்பவர்கள்தான். எனவே, 'விண்ணப்பிக்கலாமா?' என்று கேட்பதற்கு முன்னால் 'என் விண்ணப்பம் இப்போது எந்த நிலையில் இருக்கிறது?' என்று கேட்க வேண்டும். தம்பியின் நோட்டில் அதை ஆறு பக்கங்களாகப் பிரித்தோம்.

பக்கம் 1: மார்க்

தம்பியின் ஜி.பி.ஏ 4.0-க்கு 3.50. சித்திக்குத் தெரிந்தது இந்த ஒரு எண் மட்டும்தான். ஆனால் கல்லூரிகள் இன்னொரு எண்ணையும் பார்க்கும். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகியவற்றுக்கு மட்டும் தனியாக ஒரு சராசரி. தம்பிக்கு அது 3.38.

காரணம், முதல் வருடம் வேதியியலில் வாங்கிய 'சி பிளஸ்'. "அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்துவிட்டால் பழைய மார்க் போய்விடும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகாது. ஆம்காஸ் கணக்கில் பழைய மார்க், புதிய மார்க் இரண்டுமே சேரும்.

நல்ல செய்தியும் இருந்தது. வருடா வருடம் அவன் மார்க் ஏறியிருக்கிறது. மூன்றாம் வருடத்தில் பெரும்பாலும் 'ஏ'. ஏறுமுகமான மார்க்கும் இறங்குமுகமான மார்க்கும் ஒரே சராசரியைக் காட்டலாம். ஆனால் படிப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியாது.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்குப் போட்டோம். மூன்று வருடங்களில் 90 கிரெடிட், சராசரி 3.50. நான்காம் வருடம் 30 கிரெடிட்டில் எல்லாமே 'ஏ' வாங்கினால் மொத்தச் சராசரி 3.63 ஆகும். ஆனால் இந்த ஜூனில் விண்ணப்பித்தால் அந்த நான்காம் வருட மார்க் கணக்கிலேயே வராது. அடுத்த ஜூனில் விண்ணப்பித்தால் வரும்.

நோட்டில் 'காத்திருந்தால்' என்ற தலைப்பின் கீழ் விழுந்த முதல் டிக் இது.

பக்கம் 2: எம்கேட்

நம் ஊர் நீட் போல அங்கே எம்கேட். ஆனால் தன்மை வேறு. நான்கு பகுதிகள், 230 கேள்விகள். இடைவேளைகளோடு சேர்த்து ஏறக்குறைய ஏழரை மணி நேரம். ஒவ்வொரு பகுதிக்கும் 118 முதல் 132 வரை மதிப்பெண். மொத்தம் 472-ல் தொடங்கி 528 வரை.

மூன்று பகுதிகள் அறிவியல், உளவியல், சமூகவியல் சார்ந்தவை. நான்காவது பகுதி, கொடுக்கப்பட்ட பத்திகளைப் படித்துப் புரிந்துகொண்டு பதில் சொல்வது. தத்துவம், கலை, வரலாறு என்று எதில் இருந்தும் பத்தி வரலாம். 90 நிமிடம், 53 கேள்விகள். மனப்பாடம் இங்கே உதவாது. நம் பிள்ளைகள் பலர் சறுக்குவது இதில்தான் என்கிறான் தம்பி. அவனும் சறுக்கியிருந்தான். மாதிரித் தேர்வில் மொத்தம் 504. அதில் இந்தப் பகுதி மட்டும் 123.

சமீப ஆண்டுகளில் எம்.டி படிப்பில் சேர்ந்தவர்களின் சராசரி எம்கேட் 512-ஐ ஒட்டி இருக்கிறது. ஜி.பி.ஏ 3.8-ஐ ஒட்டி. இவை சராசரி எண்கள். இதற்குக் கீழே இருப்பவர்களும் சேர்கிறார்கள், மேலே இருப்பவர்களும் தவறவிடுகிறார்கள். எந்த ஜி.பி.ஏ, எந்த எம்கேட் இருந்தவர்களில் எத்தனை சதவிகிதம் பேருக்கு இடம் கிடைத்தது என்ற அட்டவணையை ஏ.ஏ.எம்.சி இணையத்தில் வெளியிடுகிறது. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே பாதிச் சண்டை தீரும்.

"சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கட்டுமே" என்றார் சித்தி. அதுதான் கூடாது. ஒரு வருடத்தில் மூன்று முறை, வாழ்நாளில் ஏழு முறைதான் எழுத முடியும். கல்லூரிகள் பழைய மதிப்பெண்களையும் பார்க்கும். வீட்டில் முழு நேர மாதிரித் தேர்வுகளைத் தொடர்ந்து எழுதி, கடைசிச் சில தேர்வுகளின் சராசரி நாம் நினைக்கும் எண்ணைத் தொட்ட பிறகே உண்மையான தேர்வுக்குப் போக வேண்டும்.

படிக்கும் பகுதிக்குத் தம்பி கண்டுபிடித்த வழி, தினமும் ஒரு நீளமான கட்டுரை. பிடிக்காத விஷயமாகப் பார்த்து எடுப்பது. 'எழுதியவர் என்ன சொல்ல வருகிறார்?' என்று இரண்டு வரியில் எழுதுவது.

பக்கம் 3: நோயாளியின் பக்கத்தில் எத்தனை மணி நேரம்?

தம்பியின் நோட்டில் ஆய்வகத்துக்குத்தான் பெரிய இடம். ஒரு கோடை முழுக்க ஆராய்ச்சி உதவியாளராக இருந்திருக்கிறான். ஆஸ்பத்திரித் தன்னார்வப் பணி 60 மணி நேரம். டாக்டர் கூடவே இருந்து பார்த்தது, குடும்ப நண்பரான ஒரு தமிழ் டாக்டரிடம் இரண்டு நாள். மருத்துவம் சாராத சமூக சேவை என்ற இடம் காலி.

மார்க்கைவிட இந்தப் பக்கம்தான் எனக்குக் கவலையாக இருந்தது. கல்லூரிகள் தெரிந்துகொள்ள விரும்புவது எளிமையான விஷயம். இந்த மாணவருக்கு இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியுமா? வலியில் கத்துகிறவரை, பயத்தில் கோபப்படுகிறவரைப் பார்த்த பிறகும் இதே வேலையைச் செய்ய விரும்புகிறாரா?

அதற்கு அங்கே பல வழிகள் இருக்கின்றன. டாக்டர் நோயாளியைப் பார்க்கும்போது கூடவே இருந்து குறிப்பெடுக்கும் 'ஸ்க்ரைப்' வேலை. பயிற்சி எடுத்து ஆம்புலன்ஸில் போகும் இ.எம்.டி வேலை. இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களில் தன்னார்வப் பணி. இவற்றில் சிலவற்றுக்குச் சம்பளமும் உண்டு.

ஆம்காஸ் படிவத்தில் 15 அனுபவங்கள் வரை எழுதலாம். அதில் மிக முக்கியமானவை என்று மூன்றைக் குறித்து, அவற்றுக்குக் கூடுதலாக எழுதலாம். 15 கட்டத்தையும் நிரப்பியாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு வருடம் வாராவாரம் போன ஒரே இடம், இரண்டிரண்டு நாள் எட்டிப்பார்த்த பத்து இடங்களைவிட அதிகம் பேசும்.

'கோடை விடுமுறைக்கு நெல்லைக்கு வரட்டுமே...'

இந்த இடத்தில் சித்தி ஒரு யோசனை சொன்னார். "மாமா ஆஸ்பத்திரியில ஒரு மாசம் இருக்கட்டும். அங்கெல்லாம் ஊசி போடக்கூட விடுவாங்க. இங்க விடுவாங்களா?"

வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் நல்ல எண்ணத்தில் செய்கிற காரியம் இது. ஆனால் ஆபத்தானது. பயிற்சி இல்லாத மாணவர் நோயாளிக்கு ஊசி போடுவதோ தையல் போடுவதோ எந்த நாட்டில் செய்தாலும் தவறு. வெளிநாடுகளில் அனுபவம் பெறப்போகும் மாணவர்களுக்காக ஏ.ஏ.எம்.சி தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. உன் ஊரில் உனக்கு அனுமதி இல்லாத சிகிச்சையை இன்னோர் ஊர் நோயாளியிடம் செய்யாதே என்பதுதான் அதன் சாரம். பெருமைக்காக எழுதிய ஊசிக் கதை தேர்வுக் குழுவின் முன் விண்ணப்பத்தையே கவிழ்த்துவிடலாம்.

வந்து பார்க்கலாம். கூட நிற்கலாம். டோக்கன் வரிசையில் காலை 6 மணிக்கே உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் பேசலாம். தொடக்கூடாது, அவ்வளவுதான். இதைச் சொன்னபோது தம்பி, "நானும் அதையேதான் அம்மாகிட்ட சொன்னேன்க்கா. திமிருன்னாங்க" என்றான்.

பக்கம் 4: யார் எழுதித் தருவார்கள்?

பரிந்துரைக் கடிதம் என்றால் நமக்கு ஒரு சான்றிதழ் மாதிரி. அங்கே அதற்கு எடை அதிகம். பெரும்பாலும் இரண்டு அறிவியல் பேராசிரியர்கள், ஒரு வேறு துறைப் பேராசிரியர் என்று கேட்பார்கள். சில பல்கலைக்கழகங்களில் ஒரு குழுவே சேர்ந்து கடிதம் தரும். அதற்கான தேதிகள் ஜூனுக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடலாம்.

200 பேர் உட்காரும் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து 'ஏ' வாங்கிய மாணவரைப் பற்றிப் பேராசிரியரால் என்ன எழுத முடியும்? 'இவர் என் வகுப்பில் ஏ வாங்கினார்' என்றுதான். அது ஏற்கெனவே மார்க் ஷீட்டில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை பேராசிரியரின் அறைக்குப் போய், புரியாததைக் கேட்டுப் பழகுவதுதான் வழி. பெரியவர்களிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படும் பழக்கம் நம் வீடுகளில் இருந்தே வருகிறது. அதைப் பிள்ளைகள் அங்கேயும் சுமக்கிறார்கள்.

தம்பி இதுவரை யாரிடமும் கடிதம் கேட்கவில்லை. மூன்று பேரின் பெயரை நோட்டில் எழுதினான். ஒருவர் மட்டும்தான் அவன் முகம் தெரிந்தவர்.

பக்கம் 5: ஏன் டாக்டர்?

சுயவிளக்கக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள், இடைவெளிகளையும் சேர்த்து. ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம். 'ஏன் மருத்துவம்?' என்பதுதான் கேள்வி.

தம்பியின் முதல் வரைவு, தாத்தாவுக்கு மாரடைப்பு வந்த இரவில் தொடங்கியது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. "தாத்தா தவறினப்போ உனக்கு என்ன வயசு?" என்று கேட்டேன். "மூணு." "ஞாபகம் இருக்கா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. "அம்மா சொன்னது" என்றான்.

"அப்போ உனக்கு ஞாபகம் இருக்கறதைச் சொல்லு."

தன்னார்வப் பணியில் அவன் வேலை சக்கர நாற்காலி தள்ளுவது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருந்த ஒரு முதியவர், 20 நிமிடத்தில் ஐந்து முறை "என் மனைவி எங்கே?" என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் தம்பி அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லியிருக்கிறான். ஆறாவது முறை அவர் கேள்வி கேட்கவில்லையாம். கையை மட்டும் பிடித்துக்கொண்டாராம். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து மறதி நோய் பத்தி ராத்திரி ஒரு மணி வரைக்கும் படிச்சேன்" என்றான்.

கட்டுரை அங்கே இருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட நாள்கள் அவன் கணக்கில் இன்னும் அதிகம் வேண்டும்.

அன்றைக்கு அவன் இன்னொன்றும் சொன்னான். "இது எனக்குப் பிடிச்சுப் பண்றேனா, அம்மாவுக்காகப் பண்றேனான்னு சில நாள் தெரியலக்கா." 20 வயதில் இப்படித் தோன்றுவது தப்பே இல்லை. தோன்றியதை மறைத்துவிட்டு விண்ணப்பிப்பதுதான் சிக்கல். நேர்காணலில் முதல் பத்து நிமிடத்திலேயே அது வெளியே வந்துவிடும்.

பக்கம் 6: எங்கே, எவ்வளவு செலவு?

எல்லோரும் கேள்விப்பட்ட பெரிய கல்லூரிகளை மட்டும் வைத்துப் பட்டியல் போடுவது பெரிய தவறு. அரசு மருத்துவக் கல்லூரிகள் பல, தங்கள் மாநில மாணவர்களுக்கு முன்னுரிமை தருகின்றன. எனவே, நியூ ஜெர்சி மாணவருக்கு ரட்கர்ஸ், ரோவன் பல்கலைக்கழகங்களின் மருத்துவக் கல்லூரிகள் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்ப முறை இருக்கிறது. 'டி.ஓ' எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டத்துக்கும் தனி விண்ணப்பம். அந்தப் பட்டம் பெற்றவர்களும் அமெரிக்காவில் முழு உரிமம் பெற்ற டாக்டர்கள்தான். ஒவ்வொரு கல்லூரியிலும் சேர்ந்தவர்களின் மதிப்பெண் வரம்பு என்ன, என்னென்ன பாடங்கள் கேட்கிறார்கள் என்ற விவரங்களை ஏ.ஏ.எம்.சி-யின் 'எம்.எஸ்.ஏ.ஆர்' தளத்தில் பார்க்கலாம்.

செலவு விஷயம். முதல் கல்லூரிக்கு 170 டாலருக்கு மேல், அடுத்து ஒவ்வொரு கல்லூரிக்கும் 40 டாலருக்கு மேல். எம்கேட் எழுத 300 டாலருக்கு மேல். அடுத்தகட்டக் கட்டுரைகளுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் தனிக் கட்டணம் வாங்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஏ.ஏ.எம்.சி-யின் கட்டணச் சலுகைத் திட்டம் உண்டு. அதைத் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

படிப்புக் கடனிலும் மாற்றம் வந்திருக்கிறது. 2025-ல் நிறைவேறிய சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகச் சேரும் மருத்துவ மாணவர்களுக்கு மத்திய அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. பல தனியார் கல்லூரிகளின் செலவுக்கு இது போதாது. 'கிடைத்தால் பார்த்துக்கலாம்' என்று இனி இருக்க முடியாது.

விசாவில் இருக்கும் குடும்பங்கள் கவனிக்க...

தம்பி அமெரிக்கக் குடிமகன். அவனுடன் படிக்கும் ஒரு தமிழ்ப் பெண் அப்படி இல்லை. அப்பா ஹெச்-1பி, அவள் ஹெச்-4. 21 வயதானதும் அந்தச் சார்பு விசா முடிந்துவிடும். கிரீன் கார்டு வராவிட்டால் அவள் வெளிநாட்டு மாணவி கணக்கில்தான் விண்ணப்பிக்க வேண்டும், சிறு வயதில் இருந்தே அங்கே வளர்ந்திருந்தாலும்.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பல, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதே இல்லை. சேர்க்கும் கல்லூரிகளிலும் சில, பல வருடக் கட்டணத்துக்கான பணத்தை முன்கூட்டியே காட்டச் சொல்லும். எனவே, முதல் வருடத்திலேயே விசா வழக்கறிஞரிடம் பேசுவதும், எந்தெந்தக் கல்லூரிகள் சேர்க்கும் என்று பட்டியல் எடுப்பதும் அவசியம்.

தமிழ்நாட்டில் இருந்து, 'இங்கே பி.எஸ்சி முடித்துவிட்டு அங்கே போய் எம்.டி சேரலாம்' என்று யாராவது ஆசை காட்டினால் இருமுறை யோசியுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் அமெரிக்காவிலோ கனடாவிலோ படித்த பாடங்களைக் கேட்கும். இங்கே எம்.பி.பி.எஸ் முடித்தவர்கள் போகும் வழி முற்றிலும் வேறு. அவர்கள் யு.எஸ்.எம்.எல்.இ தேர்வுகள் எழுதி, ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிறார்கள்.

கடைசியில் என்ன முடிவு?

நான்காவது வீடியோ காலில் சித்தி, சித்தப்பா, தம்பி மூவரும் இருந்தார்கள். தம்பி நோட்டைப் பிரித்துக் காட்டினான். இந்த ஜூனில் போட்டால்: 3.50, தயாராகாத எம்கேட், 60 மணி நேரம், ஒரு கடிதம். அடுத்த ஜூனில் போட்டால்: 3.6-க்கு மேல், ஜனவரியில் எழுதிய எம்கேட், வாராவாரம் போன ஒரு வருட நோயாளி அனுபவம், மூன்று கடிதங்கள்.

அடுத்த முறை முயலும்போது, 'போன முறைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது?' என்று பல கல்லூரிகள் கேட்கும். அரைகுறையாக ஒருமுறை போட்டுவிட்டு அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதைவிட, தயாராகி ஒரே முறை போடுவது மேல். இன்றைக்கு அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் சேர்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், பட்டம் முடித்து ஒரு வருடமாவது இடைவெளி விட்டுத்தான் சேர்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

சித்தப்பா முதலில் தலையாட்டினார். சித்திக்குக் கண் கலங்கிவிட்டது. "ஊருல என்ன சொல்லுவேன்?" என்றார். மார்க்கோ எம்கேட்டோ அல்ல, இத்தனை நாளாக அவரை உறுத்திக்கொண்டிருந்தது இந்தக் கேள்விதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதற்குப் பதில் சொல்லும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். போன வாரம் பாளையங்கோட்டை போயிருந்தபோது ஆச்சியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். நான்கு வருடம், பிறகு நான்கு வருடம், நடுவில் ஒரு வருடம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார்.

"நடுவுல உள்ள வருஷம் பிள்ளை என்ன செய்வான்?"

"முதியோர் இல்லத்துல வேலைக்குப் போறான் ஆச்சி. வயசானவங்களைப் பார்த்துக்கிடுததுக்கு."

ஆச்சி கொஞ்சம் யோசித்தார். "அப்பம் ஆரம்பிச்சுட்டான்லா?" என்று சொல்லிவிட்டு வெற்றிலைச் செல்லத்தை எடுத்தார்.